மலையிலேயே தீர்ந்த பீன்ஸ்

நமது இணையச் சந்தையின் வாட்ஸப் குழுவில் காலையில் முதலில் கேட்பது பரிமளா அக்காவின் குரல்தான். அன்றைய காய், அன்றைய விலை, கூடவே யாரையாவது ஒரு கிண்டல். அந்தச் செவ்வாய்க்கிழமை குரல் வரவில்லை. பள்ளுருத்தி வீட்டிலிருந்து அவர் மகள் எழுதியிருந்தாள்: "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." விலைச் செய்தி என்று நினைத்துத்தான் நான் அதைத் திறந்தேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து நாங்கள் இருவரும் தொடங்கிய தொழில் இது என்பது குழுவில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். இடுக்கி மலையில் விளையும் காயை இறக்கி, கொச்சி ஃப்ளாட்டுகளுக்குப் பிரித்து அனுப்புவோம். கணினி என் பொறுப்பு, பேச்செல்லாம் அவர் பொறுப்பு.

ஒரு நாள் மலையிலிருந்தே பீன்ஸ் கேட்டு ஆர்டர் வந்தது. கேட்டவர் அங்கன்வாடியில் சமைக்கும் பெண். நமக்குப் பீன்ஸ் தரும் ஊருக்கு அடுத்த ஊர் அது. தேயிலையும் ஏலமும் மட்டுமே போடுவதால் அங்கே காய் கிடையாது. பீன்ஸ் மட்டாஞ்சேரிக்கு இறங்கி, மறுபடி மலையேறி, வாடி வதங்கிப் போய்ச் சேர்ந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. வயது பாராமல் எல்லாரையும் சேட்டா, அதாவது அண்ணா, என்பவர் அவர். "இதென்ன கூத்து சேட்டா? விளையிற மலைக்கே நாம பீன்ஸ் அனுப்புறோம். சாயாக்கடையில சொன்னா சிரிப்பாங்க."

தினமும் விற்பனையை முதலில் மலையூர்களுக்குத் திறக்க வேண்டும், மிச்சம்தான் கொச்சிக்கு என்றார். வாடிக்கையாளர் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று நான் மல்லுக்கு நின்றேன்.

"ஃப்ளாட்டுக்காரங்க கோவிச்சா பிராட்வே மார்க்கெட்ல போய் வாங்கிக்குவாங்க. அந்தக் குழந்தைங்க எங்க போகும்?"

கணினியில் விற்பனை நேரத்தை மாற்ற உட்கார்ந்தேன். மலையில் பீன்ஸ் போடும் செல்லையாவும் லேசில் மசியவில்லை. "டவுன் விலை இங்க யாரு தருவா?" என்றார். "லாரி வாடகையையும் வாடிப்போறதையும் கழிச்சிட்டுச் சொல்லுங்க சேட்டா" என்றார் அக்கா. ஒரு மாதம் பார்க்கலாம் என்ற செல்லையா இன்று வரை அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

அடுத்த மழையில் மண் சரிந்து கொச்சிச் சாலை அடைபட்டது. நம் கிடங்கு காலி, ஃப்ளாட்டுகளிலிருந்து ஓயாத வசவு. மேலே மலையில் மட்டும் ஊருக்கு ஊர் காயோடு ஜீப் ஓடியது. அங்கன்வாடிப் பெண் குழுவில் ஒரு படம் போட்டார். குழந்தைகளின் தட்டில் சோறும் தேங்காய் போட்டு வதக்கிய பீன்ஸ் தோரனும். அக்கா அழுதார். நானும்தான்.

பதினாறாம் நாள் படையலுக்கு நம் பீன்ஸே வேண்டும் என்று அக்காவின் மகள் ஆசைப்பட்டாள். காலையில் பார்த்தால், மலையிலேயே தீர்ந்துவிட்டது. செல்லையாவிடம் சொன்னால் இரண்டு கிலோ தனியாக எடுத்துத் தந்துவிடுவார். போனைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, மலைக்கு முதலில் என்ற அந்த ஒரே ஒழுங்குதான். அவர் பெயரைச் சொல்லியே அதை மீறுவதா? போனை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பிராட்வேக்குப் புறப்பட்டேன்.