பின் சீட்டுக்கு இரண்டு திரை

அன்று வண்டிக்குள் நாலு பேர் இருந்தோம். ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் மனைவி றிஸ்மியா, பின்னால் ஏழு வயது மகள் ஹனா, அவளுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயது மகன். வெளியே ஒருவன், வீல் கழற்றும் இரும்போடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். சுற்றுவட்டத்தில் நான் தயங்கி நின்றது அவனுக்குப் பிடிக்கவில்லை. லண்டன் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். இந்த நாட்டில் அப்படி ஒருவன் வந்தால் கதவைப் பூட்டிக் கண்ணாடியை ஏற்றுவார்கள். நான் உள் லைட்டைப் போட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்தேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் செய்தது சரியென்றே படும். அவனே ஒரு கணம் திகைத்தான். பிறகு என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து, இரும்பைப் பிடித்திருந்த முட்டியாலேயே மூக்கில் குத்தினான். மூன்று குத்து. எலும்பு உடைந்த சத்தம் என் தலைக்குள் கேட்டது. போகும்போது பொனட்டிலும் ஓங்கி ஓர் அடி. இரத்தம் தொண்டைக்குள் இறங்க இறங்க நான் "சொறி சேர், சொறி சேர்" என்று மன்னிப்பே கேட்டுக்கொண்டிருந்தேன். லைட்டு எரிந்ததால் ஹனா எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அவனை உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று பொலிஸ்காரப் பெண் கேட்டாள். தெரிந்தவனுக்குத்தான் கண்ணாடியை இறக்குவார்கள் என்பது அவள் கணக்கு. றிஸ்மியா வீட்டில் வைத்துச் சொன்னாள்: "அடிக்க வாறவனுக்கு ஆரும் லைட்டுப் போட்டுக் காட்டுவாங்களா? நீங்க போடாட்டி அவனுக்கு மூக்கு எங்க எண்டே தெரிஞ்சிருக்காது."

அதற்குப் பிறகு மூன்று கிழமை ஹனா வண்டியில் ஏறவில்லை. மழையில் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிடம் நடந்தாள். ஒருநாள் தூக்கி ஏற்றப் பார்த்தேன், கையைக் கடித்துவிட்டாள். இனி எப்போதுமே ஏறமாட்டாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "பின்னுக்கு டீவி பூட்டுவம்," என்றாள் றிஸ்மியா. "புள்ள அதப் பாத்தா வெளியால பாக்க மாட்டாள்."

டீவி என்றதும் எனக்கு வாப்பாவின் வேன்தான் ஞாபகம் வந்தது. இலங்கையில், கல்முனையில் அவர் ஹயர் வேன் ஓட்டினவர். சனம் கேட்கிறது என்று வேனுக்குள் சின்ன டீவி ஒன்று பூட்டியிருந்தார். யுத்த காலம். சோதனைச் சாவடி வந்தால் கண்ணாடியை இறக்கி, உள் லைட்டைப் போட்டு, எல்லோருடைய முகமும் கையும் தெரிய நிற்க வேண்டும். டீவியை நிறுத்தி லைட்டைப் போடுவது பின்னால் இருக்கும் என் வேலை. ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு, நிந்தவூரிலிருந்து கலியாண வீட்டுச் சனத்தை ஏற்றி வந்தோம். படத்தில் சண்டை போய்க்கொண்டிருந்தது. "மகன், லைட்டு" என்று வாப்பா இரண்டு தரம் சொன்னாராம். எனக்குக் கேட்கவில்லை. சாவடியில் துவக்கோடு நின்ற ஆமிக்காரர்கள் கண்டது, இருட்டு வேனுக்குள் துள்ளும் நீல வெளிச்சத்தை மட்டும்தான். வாப்பாவை இழுத்துக் கீழே போட்டுத் துவக்குப் பிடியால் தாடையில் அடித்தார்கள். இரண்டாவது அடிக்குப் பல் தெறித்து வேன் படியில் விழுந்தது. அலறுவது வாப்பாவா, படத்தில் உள்ளவனா என்று எனக்குத் தெரியவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கப் பயந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாப்பாவின் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். வீட்டில் உழைக்க ஆளில்லை, எட்டாம் ஆண்டோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு லொறிக்கு மூட்டை ஏற்றப் போனேன்.

வண்டிக்கு டீவி பூட்டும் கடையில் இருந்தவன் வெள்ளைக்கார இளைஞன், நல்ல மனிதன். கூரையிலிருந்து இறங்கும் பெரிய திரையைக் காட்டினான். இறக்கியதும் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி மறைந்தது. அதில் ஹனாவின் முகம் எனக்குத் தெரியாது. முன் சீட்டுகளின் முதுகில் பூட்டும் இரட்டைத் திரையை எடுத்தேன். வயர் சூடாகுமா, பிரேக் பிடித்தால் பிள்ளையின் தலை மோதுமா, எல்லாம் கேட்டேன். "ஹெட்போன் போட்டால் நான் கூப்பிடுவது கேட்குமா?"

"குண்டு வெடித்தாலும் கேட்காது," என்று பெருமையாகச் சிரித்தான்.

"நிறுத்தும் சுவிட்ச் எனக்குப் பக்கத்தில் வருமா?"

"ஏன் நிறுத்த வேண்டும்? நிம்மதிக்குத்தானே வாங்குகிறீர்கள்?"

தாடையையும் பல்லையும் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. பற்றரி என்று ஏதோ சொன்னேன். பற்றரி இறங்காது என்று அவன் சத்தியம் பண்ணினான். ஹெட்போன் வேண்டாம் என்றேன். "அந்தக் காட்டூன் சத்தத்துக்கு முதல்ல இறங்கி ஓடுறது நீங்கதான்," என்றாள் றிஸ்மியா. தவணைக்கு எழுதிக் கொடுத்தோம்.

பூட்டி முடிந்தும் ஹனா வெளியிலேயே நின்றாள். "இனிக் கண்ணாடிய இறக்க மாட்டன் எண்டு சொன்னாத்தான் ஏறுவன்."

"ஓம் மகள். இறக்க மாட்டன்."

"வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணுங்க."

"வல்லாஹி."

ஏறினாள். முதல் சிவப்பு விளக்கில், தர்மத்துக்குக் காசு சேர்க்கும் ஒருவன் வாளியோடு வண்டிகளுக்கு நடுவே எங்களை நோக்கி வந்தான். என் இடது கை தானாக உள் லைட்டுக்குப் போனது, வலது கை விரல் கண்ணாடிச் சுவிட்சுக்கு. கை இரண்டும் நிந்தவூர்ச் சாவடியில் நின்றன. கால் மட்டும் லண்டனில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. வாளிக்காரன் கடந்து போனான். பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். காட்டூன் வெளிச்சம் மகனின் முகத்தில் துள்ளியது. ஹனா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்தப் பாருங்க மகள்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கன் வாப்பா," என்றாள், விரலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தத் திரைகளுக்கு இன்னும் இருநூற்று நாற்பது பவுண் கட்ட இருக்கிறது.