கபடிக்காரர் கை

அந்தக் கபடிக்காரர் இன்றும் நன்றாக இருக்கிறார். போன பொங்கலுக்குக்கூட எருமப்பட்டிப் பக்கம் ஒரு போட்டிக்கு வந்து கோப்பை கொடுத்தாராம். எண்பதை நெருங்கும் அந்த மனிதரின் படத்தைச் செல்போனில் யாராவது காட்டினால் நான் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்பாவுக்கு அவர் என்றால் உயிர். தான் பிறப்பதற்கு முன்னால் அவர் ஆடிய ஆட்டங்களையெல்லாம் நேரில் பார்த்ததுபோல் அளப்பார். எனக்குப் பத்து வயதில் அவர் எங்கள் ஊர்ப் போட்டிக்கு வந்தபோது, அப்பா தான் வேலை பார்த்த போர்வெல் ரிக் ஆபீஸ் ஸ்டாம்பு பேடைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவருடைய வலது கையை ஒரு வெள்ளைத் தாளில் பதித்து வாங்கிவந்துவிட்டார். எல்லாம் அத்தையிடம் காட்டத்தான். அத்தை அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு. ரேகை பார்த்து அவள் சொன்னது பலிக்கும் என்று ஊரில் ஒரு பயம் இருந்தது. அதனாலேயே சொந்த ரத்தத்துக்கு மட்டும் பார்க்கவே மாட்டாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா போர் போடும் வண்டியோடு மத்தியப் பிரதேசம் கிளம்ப வேண்டும். திரும்ப நாலு மாதமாகும். காலையில், சாம்பியன் கை எவ்வளவு பெரிசு என்று பார்க்க, மேசைமேல் இருந்த தாளில் என் கையை வைத்து அமுக்கினேன். ஆட்டையாம்பட்டி முறுக்கு தின்ற கை. எண்ணெய் பட்டு மை இழுவி, ரேகையெல்லாம் ஒரே கருப்பாகிவிட்டது. அப்பா அடிக்கிற ஆள் இல்லை. முகம் வாடிவிடும், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று புளுகி, அப்பாவின் கையையே வேறொரு தாளில் பதித்து வாங்கினேன். அதைக் கொண்டுபோய்க் கபடிக்காரர் கை என்று அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

அத்தை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். "முரட்டுக் கை. பேரு வாங்குன கைதான்." அப்புறம் அவள் விரல் நின்றுவிட்டது. "இதென்ன சாமி, ஆயுசு ரேகை இங்கயே அந்துபோய்க் கெடக்குது? இந்தக் கைக்காரரு இன்னும் எப்படி நடமாடறாரு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தின நாள்தான் கபடிக்காரர் ரெண்டு இலைச் சோறு சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன். அத்தைக்கும் ஒரு தடவை தப்பிவிட்டது என்றுதான் என் மண்டைக்கு எட்டியது.

அவள் விரல் மெல்ல நகர்ந்து சுண்டுவிரலுக்குக் கீழே போனது. அங்கே மை ஒட்டாத ஒரு வெள்ளைக் கோடு. சின்ன வயதில் சோளத்தட்டு அறுக்கும்போது அப்பா கையில் பட்ட வெட்டு அது. அரிவாள் பிடித்திருந்தது அத்தை.

"ஏஞ்சாமி, இது அவரு கைதானே?"

"ஆமாங்கத்தை."

மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை அவள் குரல் யாருடையதோ போல இருந்தது. "அவரு கைதான்னு சொல்லு சாமி. சொல்லீரு."

சொன்னேன்.

அப்பா பையோடு வந்து நின்றார். "என்னக்கா சொல்லுது சாம்பியன் கை?"

"அவரு நல்லா இருப்பாரு தம்பி. நீ இந்தத் தடவ போகாத."

"வண்டி ரெடியா நிக்குதுக்கா. நான் இல்லாம எப்படி? போயிட்டு வாரேனுங்க."

மாசி மாதம் அவரை வேறொரு வண்டியில் கொண்டுவந்தார்கள். பள்ளத்தில் குழாய் சரிந்து விழுந்ததாகச் சொன்னார்கள்.

அப்பா கிளம்பிய அன்றைக்கு, விடைபெறும்போது அவர் அத்தையின் தோளைத் தொடக் கையை நீட்டினார். எவ்வளவு கழுவியும் உள்ளங்கையில் மை போகவில்லை. போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று எனக்கு உயிரே இல்லை. அத்தையோ அந்தக் கையைப் பிடித்து, குனிந்தே பார்க்காமல், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடி, தன் இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

நல்லவேளை, அத்தை மையைப் பார்க்கவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.