மாடிப்படியில் பதிவான பாட்டு

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்த புதிதில் எனக்கு செல்போன் பாகங்களைப் பூட்டும் வேலை கிடைத்தது. இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்களை ஊர் ஊராக வந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. அதுவரை எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள்தான். நைனா அப்போதுதான் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட ஆரம்பித்திருந்தார். குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். நீலக் கோட்டும் தலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு லைனில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் இப்போது சிலர் நம்புவதில்லை.

கம்பெனி பஸ்ஸில் பாட்டுப்பெட்டி கெட்டுப்போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். டிரைவர் அதைச் சரி செய்யவே இல்லை. ஒருநாள் தோழிகள் வற்புறுத்த, நான் பாடினேன். எனக்குக் கட்டைக்குரல். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு என்னை எப்போதும் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். ஆனால் அந்த பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் பின்சீட்டு வரை கேட்ட குரல் என்னுடையது மட்டும்தான். அதன்பிறகு தினமும் பாடச் சொன்னார்கள்.

முன்சீட்டில் ஒருவர் உட்கார்ந்து வருவார். புத்தூர்க்காரர், எங்களைப் போலத் தமிழ் பேசுகிற குடும்பம். திருப்பதியில் எஞ்சினியரிங் படித்துவிட்டு எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். கிடார் வாசிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருநாள் எழுந்து என் சீட்டுக்கு வந்தார்.

"உனக்கு மைக்கே வேணாம் போல கீதே. எங்க கூட பாடறியா?"

"எங்க கூடன்னா யாரு கூட?"

"இப்போதைக்கு நானும் ஒரு டிரம்ஸ்காரனும். ராக் பேண்டு."

அது என்னவென்று எனக்குத் தெரியாது. தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்கச் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் பாடிய பெண்ணுக்கும் என்னைப் போலக் கட்டைக்குரல். அவள் அதை மறைக்கவே இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

டிரம்ஸ்காரர் திருச்சானூர். தெலுங்குக்காரர், கல்யாணக் கச்சேரிகளில் வாசிப்பவர். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்றை அவர்கள் குடும்பம் நடத்தி வந்தது. அதன் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. அவருடைய அக்கா வீட்டுக்காரர் லாட்ஜ் ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்பவர். பேஸ் கிடார் வாசிக்க ஆள் கிடைக்காததால் அவரையே பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே பெல் அடித்தால் பாதிப் பாட்டில் பேஸ் நின்றுவிடும். அவர் ஓடிப்போய் யாருக்காவது சாவி கொடுத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வருவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நைனா என்னோடு வந்தார். நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று பஸ் நின்று நின்று போக, வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் கழனிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். லாட்ஜில் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். டிரம்ஸ்காரரின் அம்மா காபி கொடுத்ததும் கொஞ்சம் சமாதானமானார். மாடியில் துணி காயப்போட வந்த மொட்டைத்தலைக்காரர்கள் சந்தனத்தோடு வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்க்க, நைனாவும் அவர்களோடு நின்று கேட்டார். திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கத்தறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வரணும்? நம்ம கழனியில கத்தினா குருவியாச்சும் ஓடும்."

"நல்லா இல்லியா நைனா?"

"நல்லா இல்லன்னு நான் சொன்னனா? பசங்க மரியாதையா கீறாங்க. போய்க்கினு வா."

சில மாதம் கழித்துச் சென்னையில் ஒரு போட்டிக்குப் போனோம். ஓர் ஆங்கிலப் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பாடி முடித்ததும் நடுவர்களில் ஒருவர் என்னைப் பற்றிக் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க தெலுங்கா? தமிழ் நல்லா கத்துக்கிட்டிருக்கீங்க" என்றார்.

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. ஏனென்றால் அதற்கு முந்தின நாள் கம்பெனி வாசலில் புதிதாக வந்த காவலாளி என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏ ஊரு மீதி? அரவவாள்ளா?" என்று கேட்டிருந்தார். எந்த ஊர், தமிழர்களா என்று. அங்கே நாங்கள் அரவம், இங்கே தெலுங்கு.

போட்டியில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊத்துக்கோட்டை வழியாகத் திரும்புகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். நான் எரிச்சலில் முன்சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பாடினேன்.

"ஏ ஊரு மீதி, எந்த ஊரு உன்னுது?
கேட்டுல நிக்கறேன், கேட்டுக்கினே கீறே."

கிடார்காரர் திரும்பிப் பார்த்தார். "அது இன்னா?"

"ஒண்ணும் இல்ல. கோவம்."

"திருப்பிப் பாடு."

டிரம்ஸ்காரர் அதற்குள் தன் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் முதல் பாதி அவருடைய மொழியாயிற்றே. சத்தியவேட்டில் நான் இறங்குவதற்குள் பல்லவி முழுசாக வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்துபோகும்போது கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பாட்டை நாங்கள் மெதுவாகத்தான் வளர்த்தோம். சரணத்தில் கம்பெனி பஸ் வந்தது, நீலக் கோட்டு வந்தது, ரேஷன் கடையில் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவது வந்தது. பதிவு செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கிடார்காரருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லிவிட்டு கிடாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போறதுக்குள்ள இத்த ஒரு தபா ரெக்கார்ட் பண்ணிடலாம்" என்றார். "அப்புறம் நாம நாலு பேரும் எங்க கீறமோ."

திருப்பதியில் அப்போது எங்களுக்குத் தெரிந்த ஸ்டூடியோ ஒன்றுதான். பஜார் தெருவில், கீழே பித்தளை விளக்குக் கடை, முதல் மாடியில் ஸ்டூடியோ, அதற்கு மேலே ஒரு தையல்கடை. அங்கே பதிவானதெல்லாம் பக்திப் பாட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். நடுத்தர வயது ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதி ஏ தேவுடி பாட்டம்மா?" எந்தச் சாமியின் பாட்டு என்று தெரிந்தால் சிடி அட்டைக்குப் படம் எடுத்து வைத்துவிடுவாராம்.

"சாமி பாட்டு இல்லீங்க. எங்க பாட்டு."

அவர் தன் நோட்டைத் திறந்து பார்த்தார். "சரி, நாள் குறிச்சாச்சு. கானிவ்வண்டி" என்றார். நடக்கட்டும் என்று அர்த்தம்.

அடுத்த சிக்கல் டிரம்ஸ். அந்த அறை ஒரு ஆர்மோனியத்துக்கும் தபலாவுக்கும் கட்டியது. பெரிய டிரம் கதவிலேயே மாட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் டிரம்ஸை வைத்து, உள்ளேயிருந்து ஒயர் இழுத்து மைக்கைக் கட்டினார்கள். ஒரு தட்டு தட்டியதும் கீழேயிருந்த பித்தளை விளக்கெல்லாம் கிணுகிணுவென்றது. கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் விளக்குகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

நான் அறைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பாடினேன். ஸ்டூடியோக்காரர் நிறுத்தினார்.

"அம்மா, கொஞ்சம் மெத்தகா பாடு." மெதுவாக, மிருதுவாக.

பாடினேன். அது என் பாட்டு மாதிரியே இல்லை. கொஞ்சம் உரக்கப் பாடினால் அவருடைய மெஷினில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற ஊசி சிவப்புக்குப் போயிற்று. உடனே அவர் கையைத் தூக்கிவிடுவார். இப்படியே காலை போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ வந்தபோது நான் படிக்கட்டில் டிரம்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கிடார்காரர் வந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தார்.

"பஸ்ஸுல எப்பிடி பாடுவ?"

"அங்க கண்ணாடி ஏது?"

அவர் எழுந்து உள்ளே போய் ஸ்டூடியோக்காரரிடம் என்ன பேசினாரோ தெரியவில்லை. என் மைக்கும் படிக்கட்டுக்கு வந்தது. கிடாரும் பேஸும் வந்தன. நான்கு பேரும் ஆளுக்கொரு படியில் நின்றுகொண்டு ஒன்றாக வாசிப்பது என்று முடிவாயிற்று. ஸ்டூடியோக்காரர் தலையில் ஹெட்போனோடு கதவருகே நின்று, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

பாட ஆரம்பித்ததும் குரல் மேல்மாடி வரை ஏறிப் போய்த் திரும்பி என் தோளில் வந்து விழுந்தது. அப்படி என் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இவ்வளவு நாளும் கடைசி வரிசையில் நின்றதற்கு இதுதான் காரணமா என்று சிரிப்பு வந்தது. ஊசியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் மேலேயிருந்து தையல்காரர் துணி மூட்டையோடு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அசையாமல், கடைசி அடி வரை அப்படியே நின்றார். டிரம்ஸின் சத்தம் இன்னும் அடங்கவில்லை. அவர் பணிவாகக் கேட்டார்.

"அயிபோயிந்தா?"

முடிந்துவிட்டதா என்று. நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே டிரம்ஸைத் தாண்டி இறங்கிப்போனார்.

அதன்பிறகும் பாடிப் பார்த்தோம். ஒன்றும் அதுபோல வரவில்லை. போட்டுக் கேட்டபோது கடைசியில் அந்தக் கேள்வி தெளிவாக விழுந்திருந்தது.

"டைலர் வாய்ஸ் கட் பண்ணிடறேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"வத்து சார். உண்டனிவ்வண்டி" என்றார் டிரம்ஸ்காரர். வேண்டாம், இருக்கட்டும்.

ஸ்டூடியோக்காரர் இன்னொரு தரம் போட்டுக் கேட்டார். இந்த முறை பல்லவிக்கு அவருடைய விரல் மேஜையைத் தட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

ஒரே ஒரு பாட்டு இருக்கிற சிடி கொஞ்சம் போட்டோம். கோயில் பக்கத்துக் கடைகளில் பக்திப் பாட்டுகளோடு வைத்தார்கள். ஒருவர் வாங்கிப்போய், இதில் சாமி பெயரே வரவில்லை என்று மறுநாள் திருப்பிக் கொடுத்தாராம். கிடார்காரர் பெங்களூருக்கு ரயில் ஏறினார். அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

பாட்டு பரவியது கம்பெனி பஸ்ஸில்தான். ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு புளூடூத்தில் அனுப்பினார்கள். அங்கிருந்து வேறு ஷிப்டுக்கு, வேறு கம்பெனிக்கு. சூளூர்பேட்டையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடைக்காரர் ஒருவர் அதையும் சேர்த்து ஏற்ற ஆரம்பித்தார். பெயர் தெரியாததால் 'டைலர் பாட்டு' என்று வைத்துவிட்டார். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

ஒருநாள் காலை கம்பெனி வாசலில் அதே காவலாளி வழக்கம்போல முன்னால் நின்ற புதுப் பெண்ணிடம், "ஏ ஊரு மீதி?" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் மொத்தமும் அடுத்த அடியைப் பாடினார்கள். அவர் திகைத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தார். யாரோ என்னைக் கைகாட்டினார்கள். என் அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நேனேனா அதி?" என்றார், பாட்டில் வருகிற ஆள் தான்தானா என்று. ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரிக்குக் காட்ட வேண்டும் என்று பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கழனி உழ வந்த டிராக்டரிலும் அந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. நைனா டிரைவரிடம், "எம் பொண்ணு பாடனது" என்றாராம். அவன் நம்பவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு அவனைக் கையோடு வீட்டுக்கு இஸ்துக்கினு வந்துவிட்டார். எனக்கு அன்று இரவு ஷிப்ட், வீட்டில் இருந்தேன்.

"எங்க, ஒரு வரி சொல்லுக்கா" என்றான் அவன்.

"இன்னா வரி?"

"அந்த கடைசில வருமே, அயிபோயிந்தா."

"அது நான் இல்லப்பா. டைலரு."

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "பாட்டெல்லாம் அப்பால. மொதல்ல துன்னு" என்றாள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆயின. நான் இப்போதும் கம்பெனியில்தான் இருக்கிறேன், புதிதாக வருகிற பெண்களுக்கு வேலை பழக்குகிறேன். நாங்கள் பெரிய ஆட்களாகிவிடவில்லை. திருப்பதிக் கல்லூரிகளில் விழாவென்றால் கூப்பிடுகிறார்கள். கிடார்காரர் சனிக்கிழமை ரயிலில் வந்துவிடுகிறார். இரண்டாவது பாட்டு எதைப் பற்றி என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. லாட்ஜில் தங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகிற துண்டுகளைப் பற்றித்தான் பாட வேண்டும் என்று பேஸ் வாசிப்பவர் பிடிவாதமாக நிற்கிறார். அவர் எழுதிக் கொண்டுவந்த வரிகள் மோசமில்லை. மெட்டுதான் இன்னும் அமையவில்லை.