கண்ணாடியை ஏற்றச் சொன்னவன்

மிக்ஸி சூடேறி லேசாகக் கருகினால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்குகிறேன். அந்த வாடை என் தம்பியின் காரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடும்; கூடவே அன்றைய கோபத்தையும், ஆறாமல், அப்படியே.

போச்சம்பள்ளி கம்பெனிக்குப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப் போகிற வண்டி. அன்று ஓசூருக்கு வந்தவன், திரும்பும்போது கிருஷ்ணகிரி வரை என்னையும் ஏற்றிக்கொண்டான். அங்கே மதிய ஷிப்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். ஏசி ஓடியது. ஊரைத் தாண்டுமுன்பே வாடை. கருகிய ப்ளாஸ்டிக், அதற்கடியில் மீன் கவிச்சி மாதிரி ஒன்று. கண்ணாடியை இறக்கினேன்.

"சிப்காட் கம்பெனிங்க நாத்தம்க்கா. கண்ணாடிய ஏத்து."

ஏற்றினேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். எது நாறினாலும் கம்பெனிமேல் போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வோம். சூளகிரி வந்தது. இருபுறமும் கொத்தமல்லி வயல். வாடை மட்டும் எங்களோடே வந்தது.

"ஏன்டா, கொத்தமல்லித் தோட்டத்துலயும் சிப்காட்டா?"

"உனுக்கு மூக்கு ஜாஸ்திக்கா. அந்தப் பொண்ணுங்களும் இப்டித்தான், நாறுது நாறுதுன்னுச்சுங்க. குளிச்சிட்டு ஏறுங்கம்மான்னேன். கப்சிப்." சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓரங்கட்றா."

கார்களுக்கு வயர் கோக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள் நான். ஏசி விசிறியை நிறுத்தச் சொன்னேன், வாடை தணிந்தது. முழு வேகத்தில் வைக்கச் சொன்னேன், திரும்பி வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, விசிறிக்குப் போகும் வயரைத் தடவிக்கொண்டே போனேன். வயர் வெதுவெதுப்பு. அது சொருகியிருந்த சாக்கெட்டில் விரல் சுட்டது. வண்டியை அணைத்துவிட்டுப் பிடுங்கிப் பார்த்தால், ஒரு உலோகப் பின் கறுத்து, சுற்றிலும் ப்ளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. சாக்கெட்டில் அந்தப் பின்னின் பிடி தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் கரண்ட் திணறும். திணறத் திணறச் சூடு. சூட்டில் இன்னும் தளரும். போகிற கரண்டின் அளவு கூடினால்தான் ஃபியூஸ் போகும்; இந்தச் சூட்டை அது கண்டுகொள்ளாது.

மூடிய வண்டிக்குள், காலடியில் நெருப்பை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களைக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறான்.

"இன்னிக்கு ஒரு டிரிப்பு மட்டும் சொருகி வுடுக்கா. நாளிக்கு மாத்திக்கிறேன்."

விசிறியின் ஃபியூஸைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். கிருஷ்ணகிரி வரை கண்ணாடியை இறக்கிவிட்டே போனோம். இறங்கும்போது அந்தப் பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு எதிரில் நின்றிருந்தார்கள்.

"இந்த வெயில்ல ஏசி இல்லன்னா திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும். நாறுனது வண்டிதான்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, திட்ட வாங்கிக்கோ."