நோர்பெர்ட்டோ பக்கம் மாறிய கதை

மோன்ட்டே மலையிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு தெரு வழியே சறுக்கி இறங்கும் பிரம்புச் சறுக்கு வண்டிக்குச் சக்கரமும் இல்லை, பிரேக்கும் இல்லை. பின்னால் நிற்கும் இரண்டு பேரின் கால்கள்தான் எல்லாம். நோர்பெர்ட்டோ பத்தொன்பது வருடம் இடப்பக்கம் நின்றவர். வலது காலைச் சறுக்குக்கட்டையில் ஊன்றி, இடது காலால் தெருவை உந்துவார். வலப்பக்கம் நின்று வலது காலால் உந்துபவன் அவர் மனைவியின் தம்பி சில்வேரியோ.

ஐம்பத்தோராம் வயதில், ஒரு காலை, உந்தும்போது இடது குதிகாலுக்கு மேலே பட்டென்று உதை விழுந்தது.

“ஏன்டா உதைச்ச?”

“நானா? நான் இந்தப் பக்கம்ல நிக்கிறேன் மச்சான்! எனக்கு என்ன மூணு காலா?”

யாரும் உதைக்கவில்லை. குதிகால் தசைநாண் அறுந்திருந்தது.

கத்தி வைக்க வேண்டாம், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்தால் தானே கூடும் என்றார் மருத்துவர். கனத்த காலணி ஒன்றை மாட்டி, குதிகாலுக்கடியில் ஆப்புகள் வைத்தார்கள். வாரங்கள் போகப் போக ஒவ்வொன்றாக எடுத்தார்கள். படுக்கும்போதுகூட நோர்பெர்ட்டோ அதைக் கழற்றவில்லை. பிறகு மாதக்கணக்கில், வீட்டுப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்துவதும் இறக்குவதும்தான் வேலை.

ஒரு வருடம் கழித்தும் இடது குதிகால் வலதைவிட இரண்டு விரற்கடை தாழ்வாகவே எழுந்தது.

“கூடின நாண் கொஞ்சம் நீண்டுபோச்சு,” என்றார் காலுக்குப் பயிற்சி தரும் இவோன் அம்மாள். “நடங்க, ஓடுங்க, அந்தக் கால்ல நின்னு வேலையும் பாருங்க. ஆனா வண்டியை உந்துறதுக்கு அதை நம்பாதீங்க.”

அன்று மாலையே நோர்பெர்ட்டோ சில்வேரியோவிடம் போனார். “மாப்ள, பக்கம் மாத்திக்கலாமா?”

“இத்தனை வருஷமா என் இடத்து மேல கண்ணு, இன்னைக்குத்தான் வாய் வந்துச்சாக்கும்! சரி, எடுத்துக்க. ஆனா கவுத்தின, அக்காகிட்ட நான் பதில் சொல்ல மாட்டேன்.”

காயம்பட்டுத் திரும்புகிறவர், பயணிகளை ஏற்றுமுன் சகாக்களில் கனத்த இருவரை உட்காரவைத்து இறக்கிக் காட்ட வேண்டும். தோற்றால் மேலே டிக்கெட் கிழிக்கும் வேலைதான். நோர்பெர்ட்டோவின் முறை வந்த நாளில் எல்லாரும் தெருவோரம் நின்று பார்த்தார்கள்.

இரண்டாம் வளைவில், புதுப் பக்கத்தில் சில்வேரியோவின் கால் பிந்தியது. வண்டி பக்கவாட்டில் திரும்பி மதிலை நோக்கி ஓடியது. நோர்பெர்ட்டோ உடம்பின் பாரம் முழுவதையும் கட்டையிலிருந்த இடது காலில் போட்டு, வலது காலைத் தெருவில் அழுத்தினார். காலணியின் ரப்பர் அடி கருகி நாறியது. நாண் முறுக்கேறி நின்றது, விடவில்லை. மதிலுக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி நேராகி, கீழே போய் நின்றது.

“உங்க காலுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் எந்திரிக்க முடியல,” என்றார் உள்ளிருந்த தடியர்களில் ஒருவர்.

“என்ன மச்சான், உன் பழைய இடப்பக்கம் மறுபடி வேணுமா?” என்றான் சில்வேரியோ.

“நீ முதல்ல அங்க நிக்கக் கத்துக்கடா.”

நோர்பெர்ட்டோ வைக்கோல் தொப்பியை நேராக்கிக்கொண்டு, வண்டிகளையும் ஆட்களையும் மேலே ஏற்றிப்போகும் லாரியில் மற்றவர்களுக்கு முன்னால் ஏறினார். மேலே பயணிகள் வரிசையில் காத்திருந்தார்கள்.