அண்ணன் போகாத வேலை

எங்கள் அண்ணன் சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வீட்டில் அழாமல் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான் என்பது அண்ணியாரின் கணிப்பு. "சிரிப்புக் காட்டி வச்சிராதீக கொழுந்தனாரே" என்றும் கேட்டுக்கொண்டார். முயல்கிறேன்.

அண்ணன் பிறந்தது உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில், மழையை நம்பி மிளகாய் போடும் ஊரில். எங்கள் அய்யா அவரை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். கட்டடப் படம் வரையக் கற்றுச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தார். சுதந்திரம் வந்த மறு வருடம் அய்யா காலமானார்கள். காரியத்துக்கு வந்த அண்ணன், தங்கை கலியாணம் வரை இருப்போம் என்று தங்கினார். தங்கைக்குப் பிறகு எனக்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. அது இலேசான காரியம் இல்லை என்பதை இந்த நினைவு மலரைப் பெறும் அனைவரும் அறிவீர்கள். ஆக, இராமநாதபுரத்தில் ஒரு தனியார் தொழிற்பள்ளியில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஆனார். என்னையும் அதே வகுப்பில் உட்கார வைத்தார்.

வகுப்பறை என்பது மரியாதைக்குச் சொல்வது. அது ஒரு பெட்டி. ஜன்னலைத் திறந்தால் காற்றோடு மணல் வந்து ஈர மையில் ஒட்டும். அடைத்தால் வேர்வை சொட்டித் தாள் கெடும். அண்ணன் அடைக்கச் சொன்னார். நெற்றியிலும் மணிக்கட்டிலும் துணி சுற்றிக்கொண்டு வரைவோம். யாராவது எட்டிப் பார்த்தால் அடிதடியில் காயம்பட்டவர்களைப் படுக்க இடமில்லாமல் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு அண்ணன் சொல்வார்: "அணை கட்டுற இடத்துக்குப் போகணும்லே. நாம வரைஞ்சது மேல எழும்புறதக் கண்ணால பாக்கணும்." பத்திரிகையில் எந்த வேலை விளம்பரம் வந்தாலும் மனுப் போடுவார்.

எங்களுக்குப் பயிற்சி, ஊரில் வீடு கட்டுகிறவர்களின் படங்கள். அவர்களோ மனையடி சாஸ்திரம் பார்க்காமல் ஒரு சுவர் எழுப்ப மாட்டார்கள். அறையின் உள் அளவு எட்டடி, பத்தடி, பதினோரடி என்றால் சுபம். ஒன்பது ஆயுளுக்கு ஆகாது. பன்னிரண்டு செல்வத்தை அழிக்கும். வரைந்து வரைந்து அது எங்கள் விரலுக்குள் ஏறிவிட்டது.

ஒரு நாள், வடக்கே அணைக்கட்டு வேலைக்குப் படம் வரைபவர்களைத் தேர்ந்தெடுக்க ஓர் அதிகாரி வந்தார். அண்ணன் முதன்முதலாகப் படிப்பித்து முடித்த கூட்டம் நாங்கள். பையன்களின் தகப்பன்மார் விடிந்ததும் வந்து வாசலில் நின்றார்கள். கேள்வி எளிது: ஊழியர் குடியிருப்பில் பன்னிரண்டடிக்கு ஒன்பதடி அறை. ஒருவரை ஒருவர் பார்க்காமலே அத்தனை பேரும் பதினொன்றுக்குப் பத்து வரைந்திருந்தோம்.

அதிகாரி அளவுகோலை வைத்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"என்னய்யா இது? நான் கேட்ட அளவு எங்க?"

நான் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாத இடத்தில் எழுந்திருப்பது என் பிறவிக் குணம். "சார், அந்த அளவுல கட்டுனா குடியிருக்கிறவுக விளங்க மாட்டாக. அதான் சரிபண்ணிட்டோம்."

"சர்க்கார் கட்டடத்துக்கு என்னய்யா சாஸ்திரம்?"

"கட்டடந்தான் சார் சர்க்காரோடது. ஆயுசு உள்ள படுக்கிறவனோடது."

ஒருவரும் தேறவில்லை.

புறப்படும்போது, பலகையில் அண்ணன் வரைந்து வைத்திருந்த மாதிரிப் படத்தில் அதிகாரியின் கண் விழுந்தது. வெகுநேரம் பார்த்தார். "மாஸ்டர், நீங்க வாங்க. இன்னைக்கே என்கூட ரயில்ல. உத்தரவு நான் வாங்கித் தர்றேன்."

அண்ணன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலை அடைத்துத் தகப்பன்மார் நின்றார்கள்.

வாலிநோக்கத்து உப்பளத்துக்காரர் ஒருவர் கேட்டார்: "வாத்தியாரே, நீங்க போறீகளாமே? எங்க பிள்ளைக மறுபடி உப்பு வாரவா?"

யாரும் கோபப்படவில்லை. யாரும் நகரவும் இல்லை. அண்ணன் சற்று நின்றார். பிறகு திரும்பி உள்ளே வந்தார்.

"சார், எனக்கு வேண்டாம். இவங்களுக்கு இன்னொரு தடவ பரீட்சை வைங்க."

"அதுக்குள்ள உங்க இடத்துல வேற ஆள் உக்காந்துருவான்."

"உக்காரட்டும் சார்."

அதற்குப் பிறகு ஆகாத அளவுகளாகவே வரைந்து தள்ளினோம். ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்று. செய்தி வீடுகளுக்குப் போய், ஒரு தாயார் எலுமிச்சம்பழமும் கையுமாக வந்துவிட்டார்.

"ஏன்யா, விடிஞ்சா அடைஞ்சா பிள்ளைகள தரித்திரத்தையே வரையச் சொல்றீகளாமே!"

"தாயி, காயிதத்துக்குள்ள யாரும் குடியிருக்கப் போறதில்ல. நீங்க பழத்தச் சுத்திப் போட்டுட்டுப் போங்க" என்றார் அண்ணன்.

அண்ணன் கேட்டுக்கொண்டபடி அதிகாரி மறுபடி வந்தார். என்னைத் தவிர எல்லோரும் தேறினார்கள். நான் இராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிறேன். கட்டடத்தோடு எனக்குள்ள சம்பந்தம் அவ்வளவே.

அண்ணன் அவர்களை ரயிலேற்றிவிட்டு அந்தப் பெட்டிக்கே திரும்பினார். அடுத்து வேறு பிள்ளைகள், வாசலில் வேறு தகப்பன்மார். இப்படியே வயது வரம்பும் கடந்தது. மனுப் போடுவதை நிறுத்தினார். கடைசியில் நெஞ்சுச் சளி அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. அப்போது ஒருநாள் கேட்டேன்: "மனசு ஒப்பித்தான இருந்தீக, அண்ணே?"

"வாசல்ல கொஞ்சம் எடம் கிடைச்சிருந்தா ஓடியிருப்பேன்லே" என்று சிரித்தார். இருமல் வந்து சிரிப்பை முடித்துவைத்தது.

கடைசி நாட்களில் வீடு தேடி வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், எங்கெங்கோ இருந்து ரயிலேறி வந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாணவர்களிடம் மட்டும் ஒரு சொல். இரங்கல் கூட்டத்தில் "சார் எங்களுக்காக மகிழ்ச்சியோடு தங்கினார்" என்று பேசினீர்கள். மகிழ்ச்சியெல்லாம் கிடையாது தம்பிகளே. அவருக்குப் போகத்தான் ஆசை. அந்த ஆசையை வைத்துக்கொண்டுதான் மறுநாள் காலையிலும் வந்து உங்கள் கோணல் கோட்டை அழித்து நேராகப் போட்டுக் காட்டினார். கும்பிடுவதானால் அதைக் கும்பிடுங்கள்.