மேட்டுக் காட்டில் எட்டாவது ஆள்

அன்றைக்கு மேட்டுக் காட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்களைச் சொல்கிறேன். நான். சிலோன் அக்கா. கடைசி லைன் வீட்டு மாமியார். அவளுடைய மருமகள். சோலூரிலிருந்து வருகிற அக்கா. அவள் தங்கை. முட்டிவலிக்காரி. செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவு நோட்டில் இந்த ஏழு பேர். ஜப்பான் பிள்ளையும் எங்களோடு இருந்தாள். நோட்டில் அவள் பெயர் இல்லை.

நான் அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். எழுத வேண்டும் என்று நினைத்ததில்லை. இதை மட்டும் எழுதி வைக்கத் தோன்றியது. எங்கள் எஸ்டேட் கிளென்மார்கன் ரோட்டிலிருந்து இறங்குகிற சரிவில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தை எல்லாரும் கிரஷ் என்போம், சிலோன் அக்கா மட்டும் பிள்ளைக்காம்பரா என்பாள். ஒரு வருஷப் பயிற்சிக்குத் தொண்டராக அங்கே வந்தவள்தான் ஜப்பான் பிள்ளை. காலையில் குழந்தைகளோடு இருப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மேலே ஏறி வந்து, சாப்பிட்டுவிட்டு, எங்களோடு நிரையில் நின்று கொழுந்து எடுப்பாள். சம்பளம் கிடையாது. யாரும் வரச் சொல்லவும் இல்லை. முதல் மாதம் அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம். காலில் சோப்பைத் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் தேய்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை சொன்னால் போதும், அப்படி ஒரு பிள்ளை.

டிபன் பாக்ஸைத் திறந்ததும் இரண்டு கையையும் சேர்த்து, தலையைக் குனிந்து, ஏதோ சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாள். சோற்றைச் சாமி கும்பிடுகிறாளா என்று கேட்டுச் சோலூர்த் தங்கை சிரித்தாள். விளைவித்தவருக்கும் சமைத்தவருக்கும் நன்றி என்று அவள் பாதி சைகையிலும் பாதித் தமிழிலும் சொன்னாள். மாமியார் விடவில்லை.

"பாருடி, சோறு போடற பெரியவங்களுக்கு எப்படிக் கும்பிடு போடறான்னு."

மருமகள் மூடியைத் திறந்துகொண்டே, "சமைச்சவங்களுக்குன்னு சொல்லுதுங்க அத்தை. சமைச்சது நானு. நீங்கதான் கும்பிடோணும்" என்றாள்.

சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஆனால் ஒரு வாரத்தில் எல்லாரும் கை கூப்ப ஆரம்பித்தோம். மாமியாரும்தான், மருமகள் பக்கம் திரும்பாமல்.

சிலோன் அக்காவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். அக்கா பால் சேர்க்க மாட்டாள். உள்ளங்கையில் சர்க்கரையை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பாள். நாற்பது வருஷமாக அதற்குக் கேலி. இந்தப் பிள்ளையும் பால் இல்லாமல் குடிப்பதைப் பார்த்ததும், "இந்தா, என் ஜோடி வந்துட்டா. இனி எவளாவது பேசுங்க பார்ப்போம்" என்றாள். அதிலிருந்து சாயங்காலம் அக்கா வீட்டில் இரண்டு டம்ளர்.

மழைக்காலம் முடிகிற சமயம் அது. நாலு மணிக்கு மேகம் இறங்கியது. முன்னே போகிறவள் முதுகு தெரியவில்லை. கீழ்க்காட்டில் காலையிலேயே காட்டெருமைகள் நின்றிருந்தன. மேட்டுக் காட்டிலிருந்து இறங்குகிற வழியில் ஒரு பாறை உண்டு. அங்கே நின்று ஆட்களை எண்ணி இறக்குவது மேஸ்திரி வேலை. செக்ரோலைப் பிரித்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஆறு பேரும் குரல் கொடுத்தார்கள், என்னோடு ஏழு. சரி என்றேன். இறங்கினோம். இலையை நிறுத்தார்கள். வீட்டுக்குப் போனோம்.

சிலோன் அக்கா இரண்டு டம்ளரில் ஊற்றியிருக்கிறாள். ஒன்றைக் குடித்துவிட்டு, இன்னொன்றைப் பார்த்திருக்கிறாள். என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏம்மா மேஸ்திரி, என் ஜோடி எங்கே?"

கிரஷ் பக்கத்தில் அவள் தங்குகிற அறை பூட்டியிருந்தது. ஏழு பேரும் சரியாக இறங்கியிருந்தோம். அவளை யாரும் எண்ணவே இல்லை.

நானும் அக்காவும் ஏறினோம். காட்டுக்குள் நுழையும்போது கூவிக்கொண்டே போவோம். சத்தம் கேட்டால் காட்டெருமை விலகும்.  அன்றைக்கு அக்காதான் கூவினாள். பாறையைத் தாண்டியதும் மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு தட்டு. எங்களுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவே கனமான ஒரு மூச்சு. அசையாமல் நின்றோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். தட்டு நிற்கவில்லை. வேகம் கூடவும் இல்லை. கடைசியில் செடிகள் முறிகிற சத்தம் சரிவில் இறங்கி, தூரமாகப் போனது.

சில்வர் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். "மேகம் இறங்குனா மரத்தை விட்டு நகராதே, கையைத் தட்டு" என்று முதல் வாரம் நான் சொன்னது. ஒரு தடவைதான் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறாள். உள்ளங்கை இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் தலை குனிந்து, "இலை நனைஞ்சு போச்சுங்க. மன்னிச்சுக்கோங்க" என்றாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வராது. இலைப் பையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டேன்.

பாறைக்கு வந்ததும் சொன்னேன். "உன்னை எண்ணல பிள்ளை. நோட்டைப் பார்த்து எண்ணிட்டேன். தப்பு என் மேலதான்."

அவள் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, நான் எத்தனையாவதுங்க?"

நான் பையைச் சரிசெய்துகொண்டு முன்னால் இறங்கினேன்.

இரண்டாம் நாள் அவளை அனுப்பிய அமைப்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். வீங்கிய கையைப் பார்த்துக் கேள்விமேல் கேள்வி. அவளைத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள் என்றும், என் மேஸ்திரி வேலை போகும் என்றும் பேச்சு. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவளும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் கடைசியில் எழுந்து நின்று, இவர்கள் சொல்லித்தந்ததைச் செய்ததால்தான் உயிரோடு இருக்கிறேன், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளும் போகவில்லை, என் வேலையும் போகவில்லை.

அடுத்து மேலே ஏறிய அன்றைக்கே பாறையில் புது வழக்கம் ஒன்று சொன்னாள். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானாம். நோட்டு வேண்டாம். மலையில் இருக்கிறவர்கள் வரிசையாக நின்று, அவரவர் எண்ணை அவரவரே கத்த வேண்டும். சோலூர் அக்காவுக்கு வெட்கம். மருமகளுக்கு அப்புறம் நிற்க மாமியார் ஒப்பவில்லை. ஒருவழியாக ஏழு வரை வந்தது. அவள் பாறையைத் தட்டி, மலை அதிர எட்டு என்றாள்.

அவள் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. செக்ரோல் இப்போது போனில் வந்துவிட்டது. பாறையில் எண்ணுவதை நாங்கள் விடவில்லை. தினக்கூலிக்கு வருகிறவர்கள், பார்க்க வந்தவர்கள், மலையில் யார் நின்றாலும் ஓர் எண் உண்டு. என்னைவிட வயதில் சின்னவள், படித்தவள். மரத்தடியில் அப்படி நிற்க என்னால் முடிந்திருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். முடிந்திருக்காது.

நேற்றும் மேகம் இறங்கியது. புதிதாக யாரும் வரவில்லை. அதே ஏழு பேர். பாறையில் நின்றோம். நான் ஆரம்பித்தேன். கடைசியில் முட்டிவலிக்காரி ஏழு என்றாள். இறங்கத் திரும்பினேன். யாரும் நகரவில்லை. சிலோன் அக்கா பாறையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

எட்டு.